கருநீலத்துக்கு எத்தனை கிராம் உப்பு

என் மேசை இழுப்பறையில் ஒரு குழந்தைச் சட்டை கிடக்கிறது. நாலு வயசுப் பிள்ளைக்கான அளவு. கருநீலம். நெஞ்சில் சின்னதாக ஒரு திமிங்கலம். ஷிப்மென்ட் போன பிறகு எங்கள் பக்கம் தங்கிவிட்ட சாம்பிள். கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒரு பச்சை இலை, அதன் கீழே ‘ஆர்கானிக் பருத்தி’ என்று நாலு மொழியில். திருப்பூரில் இந்த மாதிரி சாம்பிள்கள் மூட்டை மூட்டையாகச் சேரும், தீபாவளிக்கு முன்னால் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குப் பங்கு போய்விடும். இதை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பேனா தேடி இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்த அட்டைதான் முதலில் கண்ணில் படும். அதில் எழுதியிருப்பது பொய் இல்லை. நூல் வாங்கியதிலிருந்து கடைசி பில் வரைக்கும் காகிதம் எல்லாம் என் கையால் அடுக்கியது. ஆனாலும், பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லி அனுப்பிவிட்ட வீடு மாதிரி, உள்ளே என்னவோ உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகப் பதினாலு வருஷம் ஓடிவிட்டது. ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்குத்தான் சம்பளம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். பத்து வருஷத்துக்கு முன்னால் பையர் முதலில் கேட்பது விலை, இரண்டாவது டெலிவரி தேதி. இப்போது முதல் மெயிலிலேயே ‘சஸ்டெயினபிள் மெட்டீரியல் என்ன வைத்திருக்கிறீர்கள்’ என்று வந்துவிடுகிறது. விலையும் தேதியும் அப்படியேதான் இருக்கின்றன, அது வேறு விஷயம்.

நூலுக்கு நாலு மாசம்

இந்த ஆர்டரைக் கொடுத்தது வட ஐரோப்பாவில் இரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தும் சின்னக் குழந்தைத் துணி கம்பெனி. நல்லவர்கள். நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டவர்கள். அவர்கள் மனதில் முதலில் இருந்தது மூங்கில். மூங்கில் என்றதும் யாருக்கும் ஒரு பச்சைத் தோப்புதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சந்தையில் மூங்கில் துணி என்று ஓடுவதில் பெரும்பாலானது விஸ்கோஸ்தான். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்ஃபைடு சேர்த்துக் கரைத்து, கந்தக அமிலத் தொட்டிக்குள் இழையாகப் பிழிகிறார்கள். வெளியே வரும் இழைக்குத் தான் பிறந்தது மூங்கிலிலா யூகலிப்டஸிலா என்று தெரியாது. கார்பன் டைசல்ஃபைடோ வேலை செய்கிறவர்களின் நரம்பைப் பதம் பார்க்கும் சரக்கு. ரேயானை, அதாவது இதே விஸ்கோஸை, மூங்கில் என்று விற்ற கம்பெனிகள் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009லேயே நடவடிக்கை எடுத்தது. அப்படியும் நிற்கவில்லை. 2022ல் வால்மார்ட்டும் கோல்ஸும் இதே விவகாரத்தில் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். மூங்கில் போய்விட்டது.

அடுத்து பெட் பாட்டிலிலிருந்து வரும் பாலியஸ்டர். கதையாகச் சொல்வதற்கு இதைவிட அழகான மெட்டீரியல் கிடையாது. ஒரு சட்டையில் இத்தனை பாட்டில் என்று அட்டையிலேயே போட்டுவிடலாம். எனக்கு அதில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. பாட்டிலை உருக்கினால் மறுபடி பாட்டில் செய்யலாம். சட்டையாக்கிவிட்டால், அதுவும் பருத்தியோடு கலந்துவிட்டால், அதைப் பிரித்து மீண்டும் நூலாக்குவது இன்றைக்கும் சுலபமில்லை. ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத இழை உதிர்ந்து சாக்கடைக்குப் போகிறது. பருத்தியும் உதிரும்தான், ஆனால் அது மட்கும். தவிர, ஓடி விளையாடி வியர்க்கிற வயசுப் பிள்ளைக்கு பாலியஸ்டர் சட்டை போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரக்கூழிலிருந்து வரும் லயோசெல் நல்ல சரக்கு, கரைப்பானைக் கிட்டத்தட்ட முழுக்க மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அந்த விலைக்கு இந்தச் சின்ன ஆர்டர் தாங்காது.

கடைசியில் ஆர்கானிக் பருத்திக்கு வந்தோம். அங்கேதான் உண்மையான அலைச்சல் ஆரம்பித்தது. மரபணு மாற்றிய பிடி பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது 2002ல். இன்றைக்குப் பருத்தி விளையும் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். மிச்சத்தில் ஆர்கானிக் என்று வருகிற ஒவ்வொரு பேலுக்கும் ஜின்னிங், ஸ்பின்னிங், நிட்டிங், டையிங் என்று கை மாறும் இடமெல்லாம் டிசி என்கிற டிரான்ஸாக்ஷன் சர்டிபிகேட் கூடவே வர வேண்டும். 2020 அக்டோபரில், ஆர்கானிக் துணிக்கான தரவிதிகளை வகுக்கும் ஜிஓடிஎஸ் அமைப்பே, இந்தியாவில் போலி டிசிகளை வைத்து 20,000 டன் பருத்தி ஆர்கானிக் கணக்கில் நுழைந்திருக்கிறது என்று அறிவித்தது. அதற்குப் பிறகு வந்த ஆர்டர் இது என்பதால் பையர் ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டு முறை கேட்டார்கள், நான் ஸ்பின்னிங் மில்லை நாலு முறை கேட்டேன். மில் மேனேஜர் என் நம்பரைப் பார்த்தாலே போனை எடுக்காத நிலைமை. எல்லாம் சரியாகி 30ஸ் கோம்டு நூல் கோன் கோனாக வந்து இறங்கியபோது முதல் மெயிலிலிருந்து நாலு மாசம் ஆகியிருந்தது.

நூல் முடிவான மறுநாள் வீடியோ காலில் கலர். ஒரு பெண் பான்டோன் புத்தகத்தைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து நம்பர் நம்பராகச் சொல்ல, நான் டைப் அடித்துக்கொண்டே போனேன். கருநீலம், கறுப்பு, டர்க்காய்ஸ், துருச் சிவப்பு, பாசிப் பச்சை, கடுகு மஞ்சள், ஒரு சந்தன நிறம். மொத்தம் ஏழு. கால் முடிந்தபோது டீ இன்னும் சூடாக இருந்தது.

மாஸ்டர் கேட்டது

எங்களுக்குச் சாயம் போட்டுத் தருகிற பட்டறை வீரபாண்டிப் பக்கம். அங்கே டையிங் மாஸ்டருக்கு அறுபதை நெருங்கும் வயசு. எந்தச் சோப்பு போட்டாலும் அவர் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ஒரு நீலம் மிச்சமிருக்கும். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறை எல்லாவற்றையும் மூடச் சொன்னபோது, ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் ஆடு மேய்த்தேன் என்பார். வருத்தமாகச் சொல்ல மாட்டார். ‘மூடுனதுதான் சரி அம்மிணி, ஒரத்துப்பாளையம் டேம் தண்ணிய நீங்க பாத்திருக்கோணும்’ என்பார். பாசனத்துக்கு என்று 1992ல் கட்டின அணை அது. சாயத் தண்ணீர் தேங்கிப்போய், அதைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே போராட வேண்டிய அணையானது. இந்த ஊரில் யாருக்கும் இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

லேப் டிப், அதாவது சாயம் போட்டுப் பார்த்த சின்னத் துணி மாதிரி, பார்க்கப் போன அன்று அவர் என் டெக் பேக்கை, ஆர்டரின் விவரமெல்லாம் எழுதிய காகிதக் கட்டை, கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு, ‘அம்மிணி, இதுல நூலப் பத்தி ரெண்டு பக்கம் இருக்குது. கலரப் பத்தி ஏழு நம்பர் மட்டுந்தான் இருக்குது’ என்றார்.

‘கலர்ல என்னங்ணா இருக்குது? எல்லாம் ஜிஓடிஎஸ் ஒத்துக்கிட்ட சாயந்தானுங்க.’

‘சாயம் சரி. உப்பு?’

எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கும். லேப் டிப் அட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டு, பால்பாயிண்ட் பேனாவில் கணக்கு எழுத ஆரம்பித்தார். பருத்தியைத் தண்ணீரில் போட்டால் அது எதிர்மின் ஏற்கும். ரியாக்டிவ் சாயமும் எதிர்மின். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தச் சண்டையை அடக்கி, சாயத்தைத் துணிப் பக்கம் திருப்பிவிடத்தான் உப்பு. சாயம் எவ்வளவு அழுத்தமோ, உப்பும் அவ்வளவு. அவருடைய மெஷினில் ஒரு கிலோ துணிக்கு ஏழு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கருநீலத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்பு. ஏழு எட்டு ஐம்பத்தாறு, அதாவது கிலோ துணிக்கு 560 கிராம். சந்தன நிறத்துக்கு லிட்டருக்கு 20 கிராம் போதும், கிலோவுக்கு 140. ‘உங்க பாப்பா சட்டை நூறு கிராம் வருமா? அப்ப ஒரு நேவி சட்டைக்கு ஐம்பத்தாறு கிராம் உப்பு. சந்தனத்துக்குப் பதினாலு.’ அட்டையை என் பக்கம் நகர்த்தினார். அந்த ஆர்டரில் கருநீலம் மட்டும் 3,000 பீஸ். நானே மனசுக்குள் பெருக்கிக்கொண்டேன். 168 கிலோ.

‘இதுல ஒரு பொட்டு உப்புகூடத் துணில நிக்காது அம்மிணி. சாயத்த ஏத்தி உட்டுட்டு அத்தனையும் தண்ணிக்கே வந்துரும். அழுத்தமான ஷேடுன்னா பிடிக்காத சாயமும் நெறைய நிக்கும், அத ஓட்டறதுக்கு இன்னும் ரெண்டு வாஷ் சேத்திப் போடோணும். நீங்க கேக்கற டெல்டா ஈ ஒண்ணுக்குள்ள ஷேடு உக்காரலைன்னா மறுபடியும் மொதல்லேருந்து.’

அந்தக் கடைசி வரியில்தான் நான் கொஞ்சம் கூசிப்போனேன். சாம்பிள் ஷேடுக்கும் சாயம் போட்டு வந்த துணிக்கும் உள்ள நிற வித்தியாசத்தை மெஷின் ஒரு எண்ணாகச் சொல்லும். அது ஒன்றைத் தாண்டினால் ரிஜெக்ட் என்பது பையரின் சட்டம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து லைட் பாக்ஸுக்குள் பார்த்தால்தான் தெரியும் வித்தியாசம் அது. எத்தனை முறை நான் 1.2, 1.3 என்று வந்த லாட்டை ‘ரீபிராசஸ் பண்ணுங்க’ என்று போனிலேயே சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அந்த ஒவ்வொரு போனுக்கும் பின்னால் இன்னொரு தடவை தண்ணீர், இன்னொரு தடவை உப்பு, இன்னொரு தடவை கொதி. அட்டையில் இருக்கும் இலைக்கு இது எதுவும் தெரியாது.

வந்ததே வந்தாய், பார்த்துவிட்டுப் போ என்று என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனார். பதினாலு வருஷத்தில் எத்தனையோ பட்டறைக்குப் போயிருக்கிறேன், எல்லாம் ஏசி போட்ட லேப் வரைக்கும்தான். பின்னால் சுத்திகரிப்பு. 2011க்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது. ஆர்ஓவில் தண்ணீரை வடித்துத் திரும்ப மெஷினுக்கு அனுப்புகிறார்கள். ஆர்ஓ வேண்டாம் என்று ஒதுக்குகிற உப்புத் தண்ணீரைத்தான் கொதிக்க வைத்து வற்றடிக்க வேண்டும். அந்த எவாப்பரேட்டர் பக்கம் நின்றால் முகத்தில் அனல் அடிக்கிறது. அதற்கு நீராவி தருவது விறகு பாய்லர். லாரி லாரியாகக் கட்டை வந்து இறங்குகிறது. வற்றியதில் ஒரு பகுதி உப்பு மறுபடி சாயத்துக்குப் போகிறது, அது பாராட்டத்தக்க காரியம், உலகத்தில் நிறைய ஊர்களில் இன்னும் இதைச் செய்வதில்லை. ஆனால் எதற்கும் உதவாத கலப்பு உப்பு என்று ஒன்று கடைசியில் மிஞ்சுகிறது. ஷெட் ஒன்றில் மூட்டை மூட்டையாகக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள்.

‘இது எங்கீங்ணா போகும்?’

‘எங்கயும் போவாது.’

சொல்லிவிட்டு, வாங்க காபி குடிக்கலாம் என்று திரும்பி நடந்தார்.

அம்மாவின் தராசு

அன்று இரவு வீட்டில் அம்மாவின் சமையலறைத் தராசில் ஐம்பத்தாறு கிராம் உப்பை நிறுத்துப் பார்த்தேன். கல்லுப்பு, ஒரு பெரிய கைப்பிடி இருந்தது. பக்கத்தில் அந்த நாலு வயசு அளவுச் சட்டையை மடித்து வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்து, ‘உப்ப எடை போட்டுக் கொழம்பு வெக்கற காலமாயிருச்சா?’ என்றார். விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, நான் எதிர்பார்த்த ‘அடப்பாவமே’ வரவில்லை. ‘அதுக்குச் சந்தனக் கலர்ல சட்டை தெச்சுக் குடுப்பியா? ஒரு நாள் மாம்பழம் தின்னா முடிஞ்சுது. நீங்கெல்லாம் சின்னதா இருக்கறப்ப உங்களுக்கு நான் எடுத்தது அத்தனையும் மெரூன், இல்லாட்டி நேவி. அக்கா போட்டு, நீ போட்டு, அப்பறம் சித்தி புள்ள போட்டுச்சு.’

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. வெளிர் நிறச் சட்டை பிறக்கும்போது நாலில் ஒரு பங்கு உப்போடு பிறக்கிறது, ஆனால் முதல் கறையில் வீட்டோடு நின்றுவிடுகிறது, இரண்டாவது கறையில் கைப்பிடித் துணியாகிறது. கருநீலம் மூன்று பிள்ளைகளைப் பார்த்துவிடுகிறது. மூன்று பிள்ளைக்கு மூன்று சந்தனச் சட்டை என்றால் உப்பு நாற்பத்திரண்டு கிராம். அம்மாவின் கருநீலத்துக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. கூடவே மூன்று மடங்கு பருத்தியும் ஆகிறது. எந்த மெட்டீரியல் நல்லது என்ற கேள்வியை யாராவது இனிமேல் என்னிடம் கேட்டால், அந்தச் சட்டை எத்தனை பிள்ளையைப் பார்க்கப் போகிறது என்று திருப்பிக் கேட்காமல் என்னால் பதில் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. பையரின் எக்செல் ஷீட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

இந்த ஆர்டரிலேயே இன்னொரு கூத்து நடந்தது. சட்டைக்குச் சட்டை போடுகிற பாலி பேக் வேண்டாம், அதற்குப் பதில் ஆர்கானிக் பருத்தியில் சின்னச் சுருக்குப் பை தைத்து அதில் போடுங்கள் என்றார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை கடைப் பைகளைப் பற்றி 2018ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. சாதாரண பிளாஸ்டிக் பையோடு ஈடுகட்ட ஆர்கானிக் பருத்திப் பையைக் காலநிலைக் கணக்கில் மட்டும் 149 முறை பயன்படுத்த வேண்டும், எல்லாக் கணக்கையும் சேர்த்தால் 20,000 முறை என்றது. அந்த இருபதாயிரத்தை வைத்து மஞ்சப்பையைக் கிண்டல் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அந்த எண் அவ்வளவு பெருகக் காரணம் ஓசோன் படலம் என்ற ஒற்றை அளவுகோல். தெருவில் கிடந்து மாட்டின் வயிற்றுக்குள் போகும் பிளாஸ்டிக்கை அந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளவே இல்லை. இருந்தாலும் அந்த 149ஐ அப்படித் தள்ளிவிட முடியாது. கல்யாண வீட்டு மஞ்சப்பை எங்கள் வீட்டில் ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடந்து 149ஐ எப்போதோ தாண்டிவிட்டது. குழந்தைச் சட்டை வந்த சுருக்குப் பை எந்தக் கடைக்குப் போகும்? பேசிப் பேசி அதைக் கைவிட வைத்தேன். பத்துச் சட்டைக்கு ஒரு பாலி பேக் என்று முடிந்தது. அட்டையில் போட முடியாத வெற்றி.

மெயில் போட்ட பிறகு

மாஸ்டரின் கணக்கை ஒழுங்காக டைப் செய்து பையருக்கு அனுப்பினேன். முதலில் இரண்டு நாள் பதிலே இல்லை. பிறகு ஒரு கேள்வி: இதற்கு ஏதாவது சர்டிபிகேட் இருக்கிறதா? ஜிஓடிஎஸ்ஸில் சாயத்துக்கும் கழிவுநீருக்கும் விதிகள் இருக்கின்றன, கண்டிப்பாகவே இருக்கின்றன. ஆனால் ஏழு ஷேடு எதற்கு, கறுப்பு எதற்கு என்று எந்தச் சர்டிபிகேட்டும் கேட்பதில்லை. அதை எழுதினேன். அப்புறம்தான் சரியான பேச்சு ஆரம்பித்தது. டர்க்காய்ஸ் போனது. அந்தச் சாயத்தில் செம்பு உண்டு, துணியில் ஒழுங்காக நிற்காது, துவைக்கத் துவைக்க வந்துகொண்டே இருக்கும் என்று மாஸ்டர் சொன்னது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. டெல்டா ஈ 1.5 வரைக்கும் தளர்த்திக்கொண்டார்கள். என் அனுபவத்தில் ஒரு பையர் அதைத் தளர்த்தியது அதுவே முதல் தடவை. அந்த ஆர்டரில் ஒரு லாட்கூட ரீபிராசஸுக்குப் போகவில்லை.

கறுப்புக்குப் பதிலாக ஒன்று முயன்றோம், அது சொதப்பியது. திருப்பூரில் வெட்டி விழும் கட்டிங் வேஸ்ட்டைக் கலர் வாரியாகப் பிரித்து ஓஇ என்கிற ஓப்பன் எண்ட் மில்களில் திரும்ப நூலாக்குகிறார்கள். கறுப்பு வேஸ்ட்டிலிருந்து வருகிற நூலுக்குச் சாயமே போட வேண்டாம், உப்பும் இல்லை. கரிக்கலரில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் துணியைப் பிய்த்து இழையாக்கும்போது இழை குட்டையாகிவிடும். அதற்குப் பலம் கொடுக்க பாலியஸ்டர் கலப்பார்கள். அதனால் ஆர்கானிக் அட்டை மாட்ட முடியாது. அதைக்கூட பையர் ஒத்துக்கொண்டார்கள். ஐந்தாவது துவைப்பில் கை இடுக்கெல்லாம் உருண்டை உருண்டையாகப் பில்லிங் வந்துவிட்டது. மூன்று பிள்ளையைப் பார்க்கிற சட்டை இல்லை அது. விட்டுவிட்டோம். கறுப்பு கறுப்பாகவே போனது.

கருநீலமும் அசையவில்லை. மொத்த விற்பனையில் பாதி அதுதான், நேவி இல்லாமல் கடை நடத்த முடியாது என்றார்கள். அம்மாவும் அதைத்தானே சொன்னார். 3,000 பீஸ், 168 கிலோ உப்பு, அப்படியே போயிற்று. அட்டையும் தொங்கியது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘100 சதவீதம் ஆர்கானிக் பருத்தி’ என்று கழுத்துப் பட்டையின் உள்ளே தைத்த லேபிள் இருக்கிறதே, அது பாலியஸ்டர் சாட்டின் நாடா. அதைத் தைத்த நூலும் பாலியஸ்டர். விதிப்படி இரண்டும் சரிதான்.

அந்த ஆர்டருக்குப் பிறகு என் காஸ்டிங் ஷீட்டில் ஒரு கட்டம் சேர்த்தேன். நூல், நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், தையல் என்று போகிற வரிசையில், ஒவ்வொரு ஷேடுக்கும் எதிரில் பீஸுக்கு எத்தனை கிராம் உப்பு என்று. மாஸ்டரிடம் கேட்டு நிரப்பி வைப்பேன். முதல் தடவை முதலாளி அதைப் பார்த்துவிட்டு, ‘இது யாரு கேட்டாங்க?’ என்றார்.

‘யாரும் கேக்கலைங்க.’

‘அப்ப எதுக்கு? பையருக்குப் போகும்போது எடுத்துரு.’

எடுக்கவில்லை. மறைத்து வைக்கிறேன். அனுப்பும் முன் அந்தக் கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஹைட்’ கொடுத்துவிட்டால் போதும். ஷீட்டில் எச்சுக்கு அடுத்து ஜே வந்து நிற்கும். இதுவரை எந்த பையரும் ஐ எங்கே என்று கேட்டதில்லை.